நாலு எல்லைக்குள்ள ஒரு வைக்கப்போர்

வடை வேணும்னா உக்காரு, கதை வேணும்னாலும் உக்காரு, ரெண்டும் வேணாம்னா இந்த ரோட்டோர அடுப்புக்கு முன்னாடி நின்னு காத்தை மறைக்காம போயிக்கிட்டே இரு. ஒண்ணு மட்டும் சொல்லிப்புடுறேன், நடுவுல "நெசமாவா"ன்னு கேட்டியோ கண்ணுக்கரண்டி காஞ்சிருக்கு, பாத்துக்க. இந்தக் கதையில நெசத்தை நெசம்னு எழுதுன மனுசன் ஒருத்தர்தான், அவரையும் நாங்க உருப்படவிடல. நாங்கன்னா ஊரு, ஊருன்னா அதுல முத ஆளு நானு, வேலுத்தாயி.

அது உப்பாத்துக் கம்மாய்க்குள்ள எறங்குனது ஒரு செவ்வாக்கிழமை, பகல் பதினோரு மணி. மணி எனக்கு எப்படித் தெரியும்னா, முத ஈடு வடை தீர்ந்து ரெண்டாவது ஈட்டுக்கு எண்ணெய் ஊத்திக்கிட்டிருந்தேன், வெயில் சட்டுனு தணிஞ்ச மாதிரி இருந்துச்சு, என்னடா மேகமான்னு நிமிந்து பாத்தா, ரெண்டு தோசைக்கல்லை வாயோட வாய் வச்சுக் கவுத்துன மாதிரி ஒண்ணு, கல்யாண மண்டபத்துப் பந்திக்கூடம் அளவுக்கு, அலுமினியச் சட்டி அடிப்பக்கம் மாதிரி மங்கலா, மூணு காலை நீட்டிக்கிட்டு, ஒரு ஆட்டுக்குட்டியக்கூட மிதிக்காம, என் கடைக்கும் தவசி தென்னந்தோப்புக்கும் நடுவுல இருக்குற பொட்டல்ல பதவிசா வந்து உக்காந்துச்சு. தூரத்துல மாவு மில்லு ஓடுற மாதிரி ஒரு முனகல். அம்புட்டுத்தான். நான் ரெண்டாவது ஈட்டைப் போட்டேன்.

எங்க ஊரு வானத்துல இருந்து என்ன வந்தாலும் மழையத் தவிர எல்லாம் வரும்னு சலிச்சுப்போன ஊரு. உப்பாத்துக் கம்மாய்க்குத் தண்ணி வந்து அப்பவே பத்தொன்பது வருசம். மொத வருசம் தண்ணி வரலைன்னு ஆட்டுக்கெடை போட்டோம், ரெண்டாம் வருசம் கெடைக்குக் காவலுக்குக் குடிசை போட்டோம், அப்புறம் குடிசைக்கு மண்சுவரு, மண்சுவருக்குச் செங்கல்லு, செங்கல்லுக்கு மேல ஓடு, நடுவுல காளியம்மாவுக்கு ஒரு தகரக் கொட்டகைன்னு, அறுபத்துநாலு வீடு கம்மாய்க்குள்ள முளைச்சுப்போச்சு. எம்புருசன் கேரளாவுக்குப் போறேன்னு போனவன் போன எடத்துலயே வேறொரு குடும்பமாகிப்போக, நான் ஒத்தையில செங்கச் சூளைக்குப் போயி, உடைஞ்ச கல்லாப் பாத்துப் பொறுக்கிச் சொமந்து கட்டுன வீடுதான் என் வீடு, முன்பக்கம் கடை, பின்பக்கம் நான். ஆனா கவர்மெண்டு காயிதத்துல அது கம்மாய், தண்ணி நிக்கிற எடம், அங்க மீனும் நாரையும்தான் குடியிருக்கலாம். எங்க பேரு எந்த ஏட்டுலயும் கிடையாது, ரேசன் கார்டுகூட மேட்டுத்தெரு விலாசம், கரண்டு கொக்கி போட்டு இழுத்தது.

அதனால வந்தது வந்துச்சு, இருக்கட்டும்னு விட்டுட்டோம். புதன்கிழமையே அதுக்குப் பக்கத்துல கதகதன்னு இருக்குன்னு கண்டுபிடிச்சு, மிளகாய் போட்டவங்க பழத்தை அதைச் சுத்திப் பரப்புனாங்க, நாலு நாள் காயிற பழம் அரை நாள்ல நிறம் மாறாம சலசலன்னு காஞ்சுபோச்சு. வியாழக்கிழமை அதோட மூணு காலுக்கும் கொடிக்கயிறு கட்டித் துணி காயப்போட்டோம். மூட்டு வலிக்காரப் பொம்பளைகளெல்லாம் மத்தியானச் சோத்தைத் தூக்குவாளியில எடுத்துக்கிட்டு வந்து, அதுல முதுகைச் சாய்ச்சு உக்காந்து, மருமகளை வைஞ்சுக்கிட்டே சாப்புட்டுப் போனாளுக. உள்ள ஆள் இருக்கா இல்லையான்னு யாரும் கேக்கல. அடுத்தவன் வீட்டு வாசல்ல போயி உள்ள யாருன்னு கேக்குற பழக்கம் கம்மாய்க்குள்ள கிடையாது, கேட்டா அவனும் திருப்பிக் கேப்பான்ல, நீ யாரு இங்கன்னு.

வெள்ளிக்கிழமைதான் ஏட்டய்யா வந்தாரு. செபஸ்தியான், தூத்துக்குடிப் பக்கத்துக்காரரு, எங்க ஸ்டேசனுக்கு வந்து நாலு வருசமாச்சு, கை சுத்தம், வாய் சுத்தம், என் கடையில ரெண்டு வடை தின்னா மூணாவது வடையை ஓசியாக் குடுத்தாலும் தட்டுல அப்படியே வச்சுட்டுப் போற ஆளு. இருபத்தஞ்சு வருசம் வேலை முடிஞ்சா ஏட்டுக்குத் தோள்ல நட்சத்திரம் குத்தி எஸ்.எஸ்.ஐ. ஆக்குவாங்களாம், அதுக்கு அவருக்கு மூணே மாசம்தான் பாக்கி. தப்புன்னு ஒரு வரி அவரு மேல எழுதிறக்கூடாது, எழுதுனா நட்சத்திரம் கிடையாது. அந்த நட்சத்திரத்தை முன்கூட்டியே வாங்கி ஒரு தீப்பெட்டிக்குள்ள பஞ்சு வச்சு, சட்டைப் பையில போட்டுக்கிட்டுத் திரிஞ்சாரு. ஒருநாள் எனக்கு மட்டும் திறந்து காட்டி, "யாருகிட்டயும் சொல்லிறாதீங்க வேலுத்தாயம்மா, சிரிப்பாங்க"ன்னாரு. நான் சிரிக்கல அப்ப.

பைக்கை நிறுத்திட்டு அவரு அதைப் பாத்தாரு. சுத்தி வந்தாரு. தொப்பியைச் சரி பண்ணிக்கிட்டு லத்தியால அதுமேல மூணு தட்டு தட்டி, "உள்ள யாரு"ன்னு கேட்டாரு, மரியாதையாத்தான் கேட்டாரு. ணங், ணங், ணங்ன்னு உள்ள இருந்து மூணு தட்டு திரும்பி வந்துச்சு. முதுகு சாச்சிருந்த பொம்பளைக நாலு பேரும் தூக்குவாளியை எடுத்துக்கிட்டு எந்திரிச்சுட்டாளுக, பயத்துல இல்ல, இனி இங்க நிம்மதியாச் சாப்புட முடியாதுன்னு எரிச்சல்ல.

அவரு அதோட நின்னிருந்தா ஒண்ணுமில்ல. பைக்குப் பெட்டியைத் திறந்து டேப்பை எடுத்தாரு, காயிதத்தை எடுத்தாரு, பேனாவை எடுத்தாரு, பாவி மனுசன் பார்வை மகசர் எழுத ஆரம்பிச்சாரு. பார்வை மகசர்னா, போலீசு ஒரு எடத்துல ஒண்ணைப் பாத்தா, என்ன பாத்தோம், எங்க பாத்தோம்னு எழுதுறது. எங்கன்னு எழுதுறப்ப சும்மா எழுதக்கூடாதாம், கிழக்க என்ன, மேக்க என்ன, வடக்க என்ன, தெக்க என்னன்னு நாலு எல்லையும் சொல்லணுமாம். எழுதி முடிச்சா ரெண்டு சாட்சி கையெழுத்துப் போடணுமாம். அவரு எழுதுனதை எனக்கே வாசிச்சுக் காட்டுனாரு, இன்னைக்கும் மனப்பாடமா இருக்கு: "சர்வே எண் இருநூத்திப் பதினொண்ணு, உப்பாத்துக் கண்மாய்க்குள், கிழக்கே வேலுத்தாய் என்பவரின் ஓட்டு வீடும் கடையும், மேற்கே வார்டு உறுப்பினர் தவசியின் தென்னந்தோப்பு, வடக்கே அறுபத்துநாலு வீடுகள் கொண்ட குடியிருப்பு, தெற்கே காளியம்மன் கொட்டகை, இந்த நான்கு எல்லைக்குள் பூமியைச் சேராத வாகனம் ஒன்று மூன்று கால்களில் இறங்கி நிற்கக் கண்டேன்."

"மொதச் சாட்சியா நீங்க போடுங்க"ன்னு பேனாவை நீட்டுனாரு. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லல, என் பேரு முத முதலா ஒரு சர்க்காரு காயிதத்துல அம்புட்டு அழகாக் கெடக்கு. "கையெல்லாம் மாவா இருக்குய்யா, சாயங்காலம் கழுவிட்டு வந்து போடுறேன்"னேன். அந்த மாவு என் கையில இருந்து இன்னும் போகல.

சாயங்காலத்துக்குள்ள தவசி வந்துட்டான். வார்டு மெம்பரு, எனக்குக் கொழுந்தன் முறை, நல்லது கெட்டதுக்கு முன்னாடி நிக்கிறவன், ஆனா முன்னாடி நிக்கிறதுக்கு எடம் இல்லாத எடத்துலயும் நிப்பான். ஸ்டேசன் ரைட்டரு போன் பண்ணிச் சொல்லிட்டான் போல, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு மூச்சு வாங்க வந்து நின்னான்.

"மதினி, அந்தாளு என்ன எழுதிருக்கான்னு தெரியுமா?"

"தெரியும். என் பேரு எழுதிருக்காரு."

"உன் பேரு எழுதல மதினி, உன் வீட்டை இடிக்க எழுதிருக்கான். கம்மாய்க்குள்ள அறுபத்துநாலு வீடுன்னு போலீசுக்காரன் கைப்பட எழுதி, அது மேல போச்சுன்னா, அந்தப் பறக்குற பிளேட்டைப் பாக்க எவனும் வரமாட்டான், சர்வேயருதான் வருவான். பின்னாடியே ஜேசிபி வரும்."

என் கை தன்னால பின்னாடி சுவரைத் தடவுச்சு. உடைஞ்ச கல்லு ஒவ்வொண்ணையும் தலையில சொமந்து வந்தவளுக்குத்தான் அதோட அருமை தெரியும். வெளிய எட்டிப் பாத்தேன், அது பாட்டுக்கு முனகிக்கிட்டு நிக்கிது, அதுமேல எனக்குத் துளி கோவம் வரல. அந்த மனுசன் மேலதான் வந்துச்சு. வந்தது பேசாம எறங்குச்சு, நாங்க பேசாம இருந்தோம், இவரை யாரு எழுதச் சொன்னது?

தவசியும் நல்லவிதமாத்தான் கேட்டுப் பாத்தான். "ஏட்டய்யா, நீங்க உங்க பிளேட்டை வச்சுக்கங்க, நாங்க வேணாங்கல. அந்த நாலு எல்லையை மட்டும் அடிச்சிருங்க"ன்னான். ஏட்டய்யாவுக்கு அது விளங்கவே இல்ல. "எல்லை இல்லாம எப்படி மெம்பரே? நான் பாத்தது என்ன அந்தரத்துலயா நின்னுச்சு? கிழக்க வீடு இருக்கு, நான் இல்லைன்னு எழுதுனா, நடுவுல இருக்குறதை மட்டும் எப்படி இருக்குன்னு எழுதுறது?"ன்னாரு. அவரு சொன்னதுல ஒரு எழுத்துத் தப்பு இருக்கா சொல்லு. ஆனா தப்பே இல்லாத பேச்சைக் கேட்டாத்தான் மனுசனுக்கு வெறி வருது.

அன்னைக்கு ஆரம்பிச்சோம். ஸ்டேசனுக்குக் குடிதண்ணிக் குடம் எடுத்துட்டுப் போறதை நிறுத்துனோம். சவரம் பண்ண உக்காந்தவருக்கு ஒரு பக்கக் கன்னத்தை மட்டும் வழிச்சுவிட்டுட்டு, பிளேடு தீந்துபோச்சுன்னு கத்தியை மடிச்சு வச்சான் கடைக்காரன், பாதித் தாடியோட ரெண்டு நாள் டூட்டி பாத்தாரு. அவரு பைக்கு வந்தா ஆட்டை ஓட்டி ரோட்டை அடைச்சோம். குடிகாரன்னு ஒரு மனு, கிறுக்கன்னு ஒரு மனு, காளியம்மா கொட்டகைக்கு முன்னாடி செருப்போட நின்னான்னு ஒரு மனு, எல்லாத்துலயும் எல்லாரும் கையெழுத்துப் போட்டோம், அதுக்கெல்லாம் எங்க கையில மாவு இல்ல. இவ்வளவும் அதைச் சுத்தி உக்காந்துதான் பேசி முடிவெடுத்தோம், முதுகுக்குக் கதகதப்பா இருக்கும்ல.

நான் மட்டும் சும்மா இருந்தேனா? ஒருநாள் டீ கேட்டு வந்தாரு, சீனிக்குப் பதிலா ரெண்டு கரண்டி உப்பை அள்ளிப் போட்டு ஆத்திக் குடுத்தேன். கடையில இருந்தவனெல்லாம் வாயைப் பொத்திக்கிட்டுப் பாக்குறான். மனுசன் கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சாரு. கிளாசை வச்சுட்டு, "உப்பு டப்பாவும் சீனி டப்பாவும் மாறிப்போச்சு போலம்மா, வேற யாருக்கும் குடுத்துறாதீங்க"ன்னு சொல்லிட்டு, காயிதத்தை எடுத்து மேசையில விரிச்சு, "கையெழுத்து"ன்னாரு. அது ரெண்டாவது தடவை. "எனக்கு எழுதத் தெரியாது"ன்னேன். கடைப் பலகையில என் பேரை நானே எழுதி மாட்டிருக்கேன், அவரு தலைக்கு மேல தொங்குது. அவரு அதை நிமிந்து பாக்கல. பாத்திருந்தா அன்னைக்கே அடுப்புல விழுந்து செத்திருப்பேன்.

விசாரணைக்கு டி.எஸ்.பி. வர்றாருன்னு சேதி வந்துச்சு, வியாழக்கிழமை காலையில பத்து மணிக்கு. ரெண்டு சாட்சி கையெழுத்து இருந்தா ஏட்டு சொன்னது பதிவு, இல்லைன்னா ஏட்டுக்குப் புத்தி பேதலிச்சிருச்சுன்னு ஆஸ்பத்திரிக்கு எழுதிருவாங்க, தீப்பெட்டி நட்சத்திரம் தீப்பெட்டியிலயே இருக்கும். ஊருக்கே இது தெரியும், எனக்கும் தெரியும். புதன்கிழமை பட்டப்பகல்ல முப்பது டிராக்டர் வைக்கல் எறக்குனோம். ஆம்பளை பொம்பளை அறுபத்துநாலு வீடும் நின்னு, அதைச் சுத்திச் சுத்தி அடுக்கி, மேல கூம்பு கட்டி, பழைய வைக்கப்புரிக் கயிறெல்லாம் போட்டு இறுக்கி, அந்த ஜில்லாவுலயே பெரிய வைக்கப்போரு ஒண்ணைக் கட்டி முடிச்சோம். ஊரு ஒண்ணு சேந்து ஒரு வேலையை அம்புட்டு ஒத்துமையாச் செஞ்சு நான் அதுக்கு முன்னாடியும் பாத்ததில்ல, பின்னாடியும் பாக்கல.

டி.எஸ்.பி. வெயிலுக்கு ஒதுங்கி அந்தப் போருலயே சாஞ்சு நின்னாரு. கையைப் பட்டுனு எடுத்து, "என்னப்பா சூடா இருக்கு?"ன்னாரு. "புதுசா அடுக்குனதுய்யா, வைக்கல் புழுங்கும்"னான் தவசி. "என்ன இரையுது?"ன்னாரு. "வண்டுய்யா"ன்னு பொம்பளைக சொன்னாளுக. "எங்கய்யா உன் வாகனம்?"ன்னு ஏட்டய்யாவைப் பாத்துக் கேட்டாரு.

"ஐயா சாஞ்சிருக்கறதுதாங்கய்யா"ன்னாரு ஏட்டய்யா.

எல்லாரும் சிரிச்சோம். அவரு சிரிக்கல. லத்தியை எடுத்து வைக்கலுக்குள்ள ஒரு முழம் சொருகி மூணு தட்டுத் தட்டுனாரு. சிரிப்பு நின்னுபோச்சு. ணங், ணங், ணங். உள்ள இருந்து மூணு வந்துச்சு. ஊரு முழுக்கக் கேட்டுச்சு, டி.எஸ்.பி.க்கும் கேட்டுச்சு, அவரு போரை விட்டு ரெண்டு எட்டுப் பின்னால போனாரு. அவரு வேற யாரையும் கேக்காம, கூட்டத்துல முன்னாடி நின்ன என்னைப் பாத்து, "என்னம்மா அது?"ன்னாரு. ஏட்டய்யா பேனா மூடியைக் கழட்டி எனக்கு நேரா நீட்டிக்கிட்டு நின்னாரு. மூணாவது தடவை. அந்தக் கண்ணுல கெஞ்சல் இல்ல, அதான் எனக்குத் தாங்கல, நான் நெசத்தைச் சொல்லுவேன்னு அந்தாளு நம்பிக்கிட்டு நிக்கிறாரு.

"வைக்கப்போருய்யா"ன்னேன்.

டி.எஸ்.பி.க்கு உசுரு வந்துச்சு. "எழுதுய்யா, வைக்கோல் போர்"ன்னாரு. அப்பத்தான் தவசி பெரிய புத்திசாலியாட்டம் முன்னாடி போயி, "ஐயா, அந்த நாலு எல்லையும் பொய்யின்னு சேத்து எழுதிருங்கய்யா, பின்னாடி எவனும் கிளறக்கூடாது"ன்னான். அவருக்கென்ன, எழுதிக் குடுத்தாரு: "சர்வே எண் இருநூத்திப் பதினொண்ணில் வைக்கோல் போர் ஒன்றைத் தவிர வீடோ, தோப்போ, கோயிலோ, மனிதர்களோ, வேறு எப்பொருளோ கிடையாது." எங்க வீட்டு நிழல்ல நின்னுக்கிட்டு, எங்க வீட்டுத் தாவாரத்துல வச்சு, அறுபத்துநாலு வீடும் அதுல கையெழுத்துப் போட்டோம். என் பேரைத்தான் முதல்ல போட்டேன், குண்டு குண்டா, அழகா. ஏட்டய்யா அதை வாசிச்சுட்டு, "எழுதத் தெரியுதே"ன்னு மட்டும் சொன்னாரு.

ஜீப்பு ஏட்டய்யாவை ஏத்திக்கிட்டுப் போயி, ரோட்டுத் திருப்பத்துல மறைஞ்சதும், முனகல் கூடுச்சு. வைக்கலுக்குள்ள அது அசையுறது தெரிஞ்சுச்சு. அப்ப எங்க ஊரு செஞ்ச காரியத்தைக் கேளு. ஒருத்தர் சொல்லாம, ஒருத்தரை ஒருத்தர் பாக்காம, சின்னது பெருசு அத்தனையும் தலையைக் குனிஞ்சு தரையைப் பாத்துக்கிட்டு நின்னோம். இல்லாத ஒண்ணு போறதை எப்படிப் பாக்குறது? நானும் குனிஞ்சேன், ஆனா எனக்கு முன்னால அடுப்புல எண்ணெய்ச் சட்டி. காஞ்ச எண்ணெய்க்குள்ள, வெள்ளையா ஒரு வானம், அதுல அது ஏறுது, வைக்கலெல்லாம் பொன்னாட்டம் உதிர உதிர, சின்னதாகி, உளுந்தளவாகி, போயிருச்சு. நான் ஒருத்திதான் பாத்தேன். பொட்டல்ல வைக்கப்போரு கொஞ்ச நேரம் நடுவுல ஒண்ணுமில்லாம அப்படியே நின்னுட்டு, பொத்துனு உக்காந்துச்சு.

ரெண்டு வருசம் நிம்மதியா இருந்தோம். அப்புறம் யாரும் எழுதாமலே வந்துச்சு ஜேசிபி நோட்டீசு. எங்கயோ ஒரு கோர்ட்டுல எவனோ போட்ட கேசுல, கம்மாயெல்லாத்தையும் சுத்தம் பண்ணச் சொல்லி உத்தரவாம். ஆனா குடியிருந்தவங்களுக்கு மேட்டுல மாத்து எடம் தருவாங்களாம், இங்கதான் இருந்தோம்னு ஒரே ஒரு காயிதம் காட்டுனாப் போதுமாம். தாலுகா ஆபீசுல போயி நின்னோம். அந்தக் கிளார்க்கு எங்க கையெழுத்தையே எடுத்து எங்க மூஞ்சிக்கு நேரா நீட்டி, "அங்க மனுசரே கிடையாதுன்னு நீங்கதானேம்மா எழுதிக் குடுத்திருக்கீங்க"ன்னான். அவன் பாவப்பட்டோ கேலிக்கோ, ஃபைலைப் புரட்டி, "உங்க வீடெல்லாம் இருந்ததாச் சொல்ற காயிதம் ஒண்ணு இருக்கு, அடிச்சுப் போட்ட மகசரு. அதை எழுதுன ஏட்டு வந்து, நாலு எல்லையும் கண்ணால பாத்ததுதான்னு ஒரு வாக்குமூலம் குடுத்தா, மேல அனுப்பிப் பாக்கலாம்"னான்.

ஏட்டய்யாவை ஆஸ்பத்திரியில மூணு மாசம் வச்சிருந்து, நட்சத்திரம் இல்லாமலே வேலையை விட்டு அனுப்பிட்டாங்களாம். அருப்புக்கோட்டையில ஒரு கல்யாண மண்டபத்துல வாட்ச்மேனா இருக்காருன்னு கேள்விப்பட்டு, நானும் தவசியும் பஸ் ஏறுனோம். பஸ்ல தவசி காதுக்குள்ள ஓதிக்கிட்டே வந்தான், "மதினி, வீட்டைப் பத்தி மட்டும் பேசு. அந்த இன்னொண்ணைப் பத்தி வாயத் தொறந்திராத. டி.எஸ்.பி. முன்னாடி பொய்க் கையெழுத்துப் போட்டோம்னு ஆயிட்டா அறுபத்துநாலு பேருக்கும் கேசு."

மத்தியான வெயிலு. முகூர்த்தம் முடிஞ்சு மண்டபம் காலியாக் கெடந்துச்சு. நீலச் சட்டையோட நாற்காலியில உக்காந்திருந்தாரு, மெலிஞ்சு போயி, முழுசாச் சவரம் பண்ணி. செக்யூரிட்டிக் கம்பெனிக்காரன் ரெண்டு தோளுக்கும் மூணு மூணு பித்தளை நட்சத்திரம் குத்தி விட்டிருந்தான். அதைப் பாத்ததும் என் கண்ணு தன்னால கீழ போயிருச்சு. எந்திரிச்சு எனக்கு நாற்காலியைப் போட்டுட்டு, "வாங்க வேலுத்தாயம்மா, வெயில்ல வந்திருக்கீங்க"ன்னாரு. தண்ணி குடுத்தாரு. குடத்துத் தண்ணி நிறுத்துன கையால வாங்கிக் குடிச்சேன்.

எல்லாத்தையும் சொன்னேன். வெள்ளிக்கிழமை ஜேசிபி வருதுய்யா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா மேட்டுல ஒரு குழி எடம் கெடைக்கும், இல்லைன்னா ரோட்டுக்குத்தான் போகணும், உடைஞ்ச கல்லாப் பொறுக்கிக் கட்டுன வீடுய்யா, நீங்க உக்காந்து வடை தின்ன வீடுய்யான்னு, மூக்கைச் சிந்திக்கிட்டே சொன்னேன். பொய் அழுகை இல்ல. அவரு குறுக்க பேசாமக் கேட்டாரு. கேட்டு முடிச்சு, மெதுவா, கோவமே இல்லாம, "சொல்றேன்மா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு உங்க வீட்டுக்கு மேக்க என்ன நின்னுச்சு?"ன்னாரு.

பக்கத்துல தவசி செருமுனான். மண்டபத்துல வேற ஒரு ஈ காக்கா இல்ல. சொல்லிருக்கலாம். தோசைக்கல்லுன்னு சொல்லிருக்கலாம், எண்ணெய்ச் சட்டியில பாத்ததைச் சொல்லிருக்கலாம், அதுக்குத்தான் அந்த மனுசன் ரெண்டு வருசமா உக்காந்திருக்காரு, எம்மா பெரிய ஆசை, ஒரே ஒரு ஆளு சொல்லணும்னு. எனக்கு நெஞ்சுக்குள்ள வந்துச்சு, தொண்டைக்கு வந்துச்சு. என் வாயி என்ன சொல்லுச்சு தெரியுமா?

"வைக்கப்போருய்யா."

அவரு தலையை ஆட்டுனாரு, எதிர்பாத்த மாதிரியும் இருந்துச்சு, இல்லாத மாதிரியும் இருந்துச்சு. என் கையில இருந்த சொம்பை வாங்கி ஓரமா வச்சாரு. "அப்படின்னா நானும் அந்தக் கம்மாய்க்குள்ள வீடு எதையும் பாக்கலம்மா"ன்னாரு. சொல்லிட்டு, எங்களை வாசல் வரைக்கும் மரியாதையா கொண்டாந்து விட்டுட்டு, பெரிய இரும்புக் கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டாரு.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. நாசமாப் போவ, நல்லா இருப்பியா, அறுபத்துநாலு வீட்டு வயித்தெரிச்சல் உன்னைச் சும்மா விடுமான்னு மண்ணை வாரித் தூத்துனேன். உனக்கென்ன வீடா வாசலா, ஒரு வார்த்தைதானே கேட்டேன்னு கத்துனேன். ஒரு வார்த்தைதான் அவரும் கேட்டாருன்னு எனக்குத் தெரியாமயா கத்துனேன்? தெரிஞ்சுதான் கத்துனேன். கத்திக் கத்தி ஓஞ்சுபோயி, கடைசியில கை பொறுக்காம அந்தக் கதவை உள்ளங்கையால ஓங்கி அடிச்சேன், ஒண்ணு, ரெண்டு, மூணு.

அப்புறம் உள்ள இருந்து, நிதானமா, லத்தியில தட்டுற மாதிரி வந்துச்சு. ணங். ணங். ணங்.

தவசி நடந்துக்கிட்டிருந்தவன் நின்னு திரும்புனான். "என்னது மதினி சத்தம்?"

"ஒண்ணுமில்ல. நட, பஸ் போயிரும்"னேன். பஸ் ஸ்டாண்டு வர்ற வரைக்கும் நான் தரையைப் பாத்துக்கிட்டேதான் நடந்தேன்.